அதிக வெளிச்சம் தந்த வீடு

அந்தப் பொன்னாடையை ஜெயபாலின் தோளில் போர்த்தியது எஸ்தர்தான். பொங்கல் விழா, பந்தல், மைக் செட், கட்டுக் கட்டாகக் கரும்பு என்று எதற்கும் குறைவில்லை. ‘பி’ பிளாக்கில் அந்த வருடம் அதிக வெளிச்சம் தந்த வீடு எது என்று குடியிருப்போர் சங்கத் தலைவர் தணிகாசலம் அறிவித்ததும், பக்கத்து வீட்டுக்காரி என்ற முறையில் எஸ்தரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவளும் வாயெல்லாம் பல்லாக ஏறிப் போய், சரிகைக் கரை வைத்த துணியைப் பிரித்து, அந்த மனிதனின் தோளில் போட்டுக் கை தட்டினாள். ஜெயபால் பணிவாகக் குனிந்து வணக்கம் சொன்னான். கூடவே ஒரு டிபன் கேரியரும் கொடுத்தார்கள். இரண்டாம் பரிசான எவர்சில்வர் தூக்கு தலைவர் வீட்டுக்கே போனது. தனக்குத் தானே பரிசு கொடுத்துக்கொள்கிறார் என்று இளவட்டங்கள் கேலி செய்தார்கள்.

ஜெயபாலின் மனைவி தேன்மொழி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்தியிருந்தாள். மார்கழி முடிந்த கையோடுதான் என்றாலும் அப்படி ஒன்றும் குளிரவில்லை. எஸ்தர் மேடையில் இருந்து அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு இறங்கி வந்து பொங்கல் சாப்பிட்டாள்.

புத்தொளி நகரைக் கட்டியவர்கள் ஒலிமின் என்ற கம்பெனிக்காரர்கள். ஊருக்கு ஊர் மலை மாதிரி குவிந்து கிடந்த பழைய டயர்களை அரைத்துப் பொடியாக்கி, மணலுக்குப் பதிலாகச் சிமெண்டில் கலந்து, அதோடு ஏதோ ஒரு வெள்ளைத் தூளையும் சேர்த்துச் சுவர் எழுப்பினார்கள். திறப்பு விழாவில் கோட்டு போட்ட ஒருவர் விளக்கினார். ரப்பர் கலந்த சுவர் சத்தத்தையும் அதிர்வையும் குடித்துவிடுமாம். குடித்ததை அந்தத் தூள் மின்சாரமாக்கிவிடுமாம். மாடிப்படி விளக்கும் தண்ணீர் மோட்டாரும் அதிலேயே ஓடும், யாருக்கும் ஒரு பைசா கட்டணம் கிடையாது. “உங்க ஜனங்க போடற இரைச்சலுக்கு இப்படி ஒரு பிரயோஜனம் இருக்கும்னு யார் நெனைச்சா” என்று அவர் ஜோக்கடித்தார். மேடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கீழே இருந்தவர்களும் சிரித்தார்கள். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

கால்வாய்க் கரையில் குடிசை போட்டிருந்த சனங்களைத்தான் இங்கே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அந்தக் கரை ஒன்றும் சொர்க்கம் இல்லை. சாக்கடையும் எலியும் கொசுவும், மழை வந்தால் முழங்கால் தண்ணீரும்தான். ஆனால் தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் எவனாவது பொண்டாட்டி மேல் கை ஓங்கினால், நான்கு வீட்டுத் தகரம் படபடவென்று தட்டப்படும். “இன்னாய்யா அங்க?” என்று ஒரு குரல் வரும். ஓங்கிய கை பாதியில் நிற்கும். இங்கே சுவர் ஜம்மென்று இருந்தது; உள்ளே எழும் சத்தத்தைக் கதவு வரைக்கும்கூட விடாமல் குடித்துவிடும். வெயில் காலத்தில் லேசாக டயர் வாடை அடித்ததே தவிர, பக்கத்து வீட்டில் ஒருவர் செத்தாலும் பால்காரன் வந்து சொன்னால்தான் தெரியும்.

ஒவ்வொரு வாசலிலும் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பச்சை விளக்கு இருந்தது. அந்த வீட்டுச் சுவர் எவ்வளவு கொடுக்கிறதோ, அந்த அளவுக்கு எரியும். எல்லா வீடும் கொடுப்பது சேர்ந்துதான் படிக்கட்டு விளக்கு. பிளாக்குகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றதால் படிக்கட்டு பட்டப் பகலிலேயே மங்கலாகத்தான் கிடக்கும்.

எஸ்தர் புடவைக்கு ஃபால்ஸ் அடித்து, ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துப் பிழைப்பவள். புருஷன் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்தால் காதுக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கும் என்று இரண்டாம் மாடிப் படிக்கட்டிலேயே பாய் போட்டுத் தைப்பாள். பொழுது சாயும் நேரத்துக்கு ஜெயபால் வேலை முடிந்து வருவான். பெரிய கடை வளாகம் ஒன்றில் காவலர்களுக்கு மேற்பார்வையாளன். குடி கிடையாது, பீடி சிகரெட் கிடையாது. “சாப்டீங்களாக்கா?” என்று கேட்காமல் அவளைத் தாண்டிப் போக மாட்டான். அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்தின சற்று நேரத்தில் வாசல் பச்சை விளக்கு பளிச்சென்று எழும்பும். படிக்கட்டு விளக்கும் கூடவே பொங்கும். எஸ்தர் ஊசியில் நூல் கோப்பதற்கென்றே அந்த நேரத்துக்குக் காத்திருப்பாள்.

“இன்னாமா தேனு, பொழுது சாஞ்சா உங்கூட்டு லைட்டு இந்தப் போடு போடுது. அம்மியா, ஆட்டுக்கல்லா?” என்று ஒருநாள் கேட்டாள்.

“ஏதோ ஓடுதுக்கா” என்றாள் தேன்மொழி. கையில் இருந்த பக்கெட்டை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

இன்னொரு நாள், துணி காயப் போடும் இடத்தில், தேன்மொழி தணிந்த குரலில் கேட்டாள். “அக்கா, நேத்து சுவத்தைத் தட்டினேன். உனக்குக் கேக்கலியா?”

“இந்தச் சுவத்துல யானை வந்து முட்டினாலும் கேக்காதுடி. நல்லாத் தட்டு, எனக்குப் படிக்கட்டுல வெளிச்சமாவது வரும்.”

எஸ்தர் தன் பேச்சுக்குத் தானே சிரித்தாள். தேன்மொழி ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பங்குனி மாதத்தில் ஜெயபாலைப் பயிற்சிக்கென்று ஓசூருக்கு அனுப்பினார்கள். அவன் போன நாளில் இருந்து படிக்கட்டு விளக்கு அழுது வடிந்தது. மோட்டார் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது, மேல் மாடிக்குத் தண்ணீரே ஏறவில்லை. மூன்றாம் மாடியில் இருக்கும் தலைவரின் மனைவி சுலோச்சனா, மகளின் வளைகாப்புக்காகத் திருத்தணி போயிருந்தாள். குடம் தூக்கும் வேலையில் இருந்து தப்பித்த புண்ணியவதி என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். தலைவர் கம்பெனிக்குப் போன் மேல் போன் போட்டார். ஜெயபால் ஊர் திரும்ப வேண்டிய நாளன்று மதியம், நிரஞ்சனா என்ற இளம் இன்ஜினியர் கையில் ஒரு டேப்லெட்டோடு வந்து சேர்ந்தாள். அன்று காலையில்தான் சுலோச்சனாவும் ஊரில் இருந்து வந்திருந்தாள்.

நிரஞ்சனா சுவரைத் தடவிப் பார்த்தாள், பெட்டியைத் திறந்து பார்த்தாள். “எல்லாம் சரியாத்தான் இருக்கு. சுவருக்கு வரவு குறைஞ்சிருக்கு, அவ்ளோதான்.”

“வரவுன்னா? நாங்க இன்னா பேசாமயா கெடக்குறோம்?” என்றாள் எஸ்தர். உள்ளே போய் மிக்சியில் வெறும் ஜாரை ஓடவிட்டாள். பச்சை விளக்கு மினுக்கென்றது, அவ்வளவுதான். கீழ்வீட்டுப் பிள்ளைகள் வந்து கத்தினார்கள், குதித்தார்கள். அதற்கும் அதே மினுக்குத்தான். யாரோ ஒருத்தி உலக்கையால் சுவரில் ஓங்கி இடித்தாள். உலக்கைதான் எகிறி வந்தது.

“சத்தமெல்லாம் கொஞ்சம்தான்மா கொடுக்கும்” என்றாள் நிரஞ்சனா. “கெட்டியான பொருள் பட்டா ரப்பர் திருப்பி அனுப்பிடும். நல்லா கனமா இருக்கணும், ஆனா மெத்துனு இருக்கணும். அரிசி மூட்டையைத் தூக்கிச் சுவர்மேல எறிஞ்சா எப்படி இருக்கும், அந்த மாதிரி. அப்பத்தான் மொத்தமும் உள்ள இறங்கும்.”

“ஜெயபால் வூட்ல மூட்டை ஏது?” என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது.

எஸ்தர் பக்கத்து வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இரண்டு எட்டு பின்னால் போனாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஓடி வந்து, தோளையும் விலாவையும் சேர்த்துத் தன் வீட்டுச் சுவரில் மோதினாள். வலி உயிர் போனது. வாசலில் பச்சை விளக்கு பளிச்சென்று எழும்பியது. படிக்கட்டு விளக்கு பொங்கியது. தினமும் பொழுது சாயும் நேரத்தில் அவள் ஊசியில் நூல் கோத்தாளே, அதே வெளிச்சம்.

அவள் மறுபடியும் மோதினாள். மறுபடியும் அதே வெளிச்சம். மூன்றாம் தடவை ஓடப் போனவளைப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. அந்தப் பொன்னாடையை இழுத்து எவன் கழுத்தையாவது நெரிக்க வேண்டும் போல இருந்தது.

“உனக்குத் தெரியுமா?” என்று நிரஞ்சனாவைக் கேட்டாள்.

அந்தப் பெண் டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். “எது மிக்சி, எது… மத்ததுன்னு பிரிச்சுப் பாக்க முடியும்மா. வந்த முதல் மாசமே பார்த்தேன். மேல சொன்னேன். நாம கரண்ட் கம்பெனி, போலீஸ் இல்லைன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் அதைப் பாக்கவே முடியாதபடி எனக்குப் பூட்டிட்டாங்க.”

“இந்தப் பரிசு?”

“அதுவும் கம்பெனி யோசனைதான்.”

“நீ சம்பளத்தை வாங்கிக்கினு வூட்டுக்குப் போய் நல்லாத் தூங்கின.”

நிரஞ்சனா தலை நிமிரவில்லை.

எஸ்தர் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். தேன்மொழி திறந்தாள். வாசலில் அத்தனை பேர் நிற்பதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. எஸ்தர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தேன்மொழி முந்திக்கொண்டாள்.

“தட்டினேன்னு சொன்னேனேக்கா. நீ வெளிச்சம் கேட்ட.”

எஸ்தர் அவள் கையைப் பிடித்தாள். தேன்மொழி கையை இழுத்துக்கொள்ளவில்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

காவல் நிலையத்தில் இருந்து ஒரு பெண் காவலர் வந்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். தேன்மொழியின் முதுகைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டார். “கேஸ் போடலாம். ஆனா அவன் நாளைக்கே வக்கீல வெச்சிக்கினு, இவதான் மாடியில வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லுவான். அக்கம் பக்கத்துல கேட்டவங்க யாராவது உண்டா? ஒரு அலறல், ஒரு சத்தம்?”

யாரும் கேட்டிருக்கவில்லை. ஒரு பிளாக் முழுக்க ஆட்கள், ஒருத்தர் காதிலும் விழுந்திருக்கவில்லை. எல்லோரும் பார்த்தது வெளிச்சத்தைத்தான். வெளிச்சத்தைப் பார்த்தேன் என்று சாட்சி சொன்னால் எந்தக் கோர்ட்டில் எடுத்துக்கொள்வார்கள்? கம்பெனியில் கணக்கு இருக்கிறதே என்றாள் எஸ்தர். கம்பெனியைக் கேட்டு எழுதுகிறோம், பதில் வர நாளாகும் என்றார் காவலர்.

“அதுவரைக்கும் இவ எங்கனா போய் இருக்கட்டுமே” என்றார் தலைவர் தணிகாசலம். “குடும்ப விஷயம். நாம பெருசு பண்ணக்கூடாது. அவனும் நல்ல பையன்தான், கோவம் யாருக்கு வரலை?”

“வூடு என் பேர்ல கீது” என்றாள் தேன்மொழி. அன்று அவள் குரல் முதல் தடவையாக உரக்க வெளியே வந்தது. “நான் ஏன் போவணும்?”

அந்த ஒரு கேள்விதான் எஸ்தரின் கோபத்துக்கு ஒரு வேலை கொடுத்தது. “சுவத்துல ஒரு ஓட்டை போடணும்” என்றாள். “என் வூட்டுக்கும் இவ வூட்டுக்கும் நடுவுல. காது வெக்கிற அளவுக்குப் போதும்.”

சுவரில் கை வைத்தால் நோட்டீஸ் வரும், ஒதுக்கீடே ரத்தாகும் என்று தலைவர் கத்தினார். அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே சுலோச்சனா மேலே போய், வீட்டில் இருந்த சுத்தியலை எடுத்துவந்து எஸ்தரின் கையில் கொடுத்தாள். நிரஞ்சனா சாக்பீஸால் சுவரில் ஒரு வட்டம் போட்டாள். “இங்க கம்பியும் இல்ல, ஒயரும் இல்ல. நான் எதையும் பாக்கல” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

சுத்தியல் எகிறி எகிறி வந்தது. டிரில் மெஷின் கொண்டுவந்தார்கள். ரப்பர் சூடேறி, புகைந்து, ஊசியைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. வீடு முழுக்கக் கருகிய டயர் நாற்றம். எல்லோரும் கை ஓய்ந்து நின்றபோது தேன்மொழி சொன்னாள். “சோப்புத் தண்ணி ஊத்துங்க. எங்கப்பா பஞ்சர் கடையில டயரை அறுக்கறப்போ அப்டித்தான் பண்ணுவாரு.” அவளே குவளையில் கரைத்து எடுத்துவந்து வட்டத்தின் மேல் ஊற்றினாள். மெஷின் பிடிவாதம் விட்டு உள்ளே இறங்கியது. வட்டத்தைச் சுற்றித் துளை துளையாகப் போட்டு, நடுவில் இருந்ததைச் சுத்தியலால் தட்டித் தள்ளினார்கள். கறுப்பு அப்பம் மாதிரி ஒரு துண்டு தேன்மொழி வீட்டுக்குள் விழுந்தது.

சுலோச்சனா கிட்டே வந்து அந்த ஓட்டையைக் குனிந்து பார்த்தாள். “எங்கூட்டுச் சுவத்துலயும் இப்டி ஒண்ணு போட முடியுமா எஸ்தரு?”

“இது முடியட்டும்கா, அப்பால பாக்கலாம்” என்றாள் எஸ்தர். அவளுக்குத் தோள் கழன்றுவிடும் போல வலித்தது. சுத்தியலைத் திருப்பிக் கொடுக்கவும் மறந்துபோனாள்.

பொழுது சாயும் நேரத்தில் ஜெயபால் பையோடு வந்தான். படிக்கட்டில் எஸ்தரின் பாய் இல்லை. தேன்மொழி காத்திருந்த வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினான். எஸ்தரின் வீட்டில் தரையெல்லாம் பெண்கள் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பக்கம் பை வைக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. “ஏம்மா, இங்க இன்னா நாத்தம்?” என்று தாழ்ந்த, மரியாதையான குரல் கேட்டது. அந்த மரியாதையைக் கேட்டுத்தான் எஸ்தருக்கு உடம்பு கூசியது. பிறகு அந்தக் குரல் மாறத் தொடங்கியது.

எஸ்தர் ஓட்டையில் வாயை வைத்தாள். “ஜெயபாலு, சாப்டியாப்பா?”

அந்தப் பக்கம் எல்லாம் நின்றது.

“நான்தான் எஸ்தரக்கா. பக்கத்துல கஸ்தூரி கீறா, மும்தாஜு கீறா, கீழ்வூட்டு ராஜாத்தி கீறா. எல்லாரும் கேக்குறாங்க, சாப்டியான்னு.”

“சாப்டியாப்பா?” என்றாள் கஸ்தூரி. “சாப்டியாப்பா?” என்றாள் மும்தாஜ். ஒருத்தி மாற்றி ஒருத்தி கேட்டார்கள். பதில் வரவில்லை. அன்று அந்த வீட்டுப் பச்சை விளக்கு எழும்பவே இல்லை. மறுநாளும் கேட்டார்கள், அதற்கடுத்த நாளும் கேட்டார்கள். வாரம் திரும்புவதற்குள் ஜெயபால் தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டான். போகும்போது பரிசாக வந்த டிபன் கேரியரையும் பொன்னாடையையும் மறக்காமல் எடுத்துக்கொண்டான்.

படிக்கட்டு இருண்டு கிடந்தது. சனங்கள் செல்போன் வெளிச்சத்தில் ஏறி இறங்கினார்கள். குடம் சுமந்தவர்கள் முணுமுணுத்தார்கள். தலைவர் கூட்டம் போட்டார்.

“ரெண்டு பேர் பிரச்சினைக்காக ஒரு பிளாக்கே இருட்டுல கெடக்குது” என்றார். “கம்பெனில நோட்டீஸ் வந்திருக்கு. ஓட்டையை அடைச்சுட்டு, அந்தப் பையனைக் கூப்ட்டுப் பேசி, சமாதானம் பண்ணி வெப்போம். நம்ம புள்ளைங்க படிக்க வேணாமா?”

இந்தப் பேச்சுக்கு நாலைந்து ஆண்கள் தலையாட்டினார்கள். எஸ்தர் எழுந்திருப்பதற்குள், பின்வரிசையில் இருந்து சுலோச்சனா சொன்னாள்.

“இருட்டா இருந்தா இருக்கட்டுமே. இன்னா இப்போ?”

இத்தனை வருடத்தில் அவள் கூட்டத்தில் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை. பெண்கள் கை தட்டினார்கள். தணிகாசலம் மனைவியைப் பார்த்துச் சிரித்தார், கூட்டத்தைப் பார்த்தும் சிரித்தார். சரி, அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று வேட்டியைத் தட்டிவிட்டு எழுந்தார். “வா, போலாம்” என்று அவளிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

பெண்கள் கலையவில்லை. இரண்டாம் மாடிப் படிகளில் வந்து பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தேன்மொழி முதல் தடவையாக எஸ்தரின் பாயில் உட்கார்ந்து, ஒரு ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு கொக்கி எங்கே வைப்பது என்று கேட்டாள். இருட்டில் எஸ்தருக்கு ஊசியின் காது தெரியவில்லை. நூல் தப்பித் தப்பிப் போனது. அதில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. எத்தனை தடவை தப்பினாலும் சரி, இந்த இருட்டு நல்ல இருட்டு என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த முயற்சியில் நூல் சுலபமாகக் கோத்துக்கொண்டது.

எஸ்தர் கையில் இருந்த ஊசியைப் பார்த்தாள். காது பளிச்சென்று தெரிந்தது. பாயின் கோரை தெரிந்தது, எதிரில் இருந்த தேன்மொழியின் முகம் தெரிந்தது. பேச்சு நின்றுபோய், அத்தனை பெண்களும் தலையை உயர்த்தி விளக்கைப் பார்த்தார்கள். விளக்கு ஒருமுறை தணிந்தது. மறுபடியும் பொங்கியது.

இரண்டாம் பரிசு யார் வீட்டுக்குப் போனது என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தேன்மொழிதான் முதலில் எழுந்தாள். எஸ்தரின் வீட்டுக்குள் போய், திருப்பிக் கொடுக்காமல் கிடந்த அந்தச் சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“சுவத்துல அடிச்சா எகிறும்டி” என்றாள் மும்தாஜ்.

“கதவு பலகைதானேக்கா” என்றாள் தேன்மொழி.

அவள் முன்னால் நடந்தாள். எஸ்தரும் மற்றவர்களும் பின்னால் ஏறினார்கள். விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. மூன்றாம் மாடி வரைக்கும் ஒவ்வொரு படியும் தெளிவாகத் தெரிந்தது.